சடம் வழி அறியுமா?

வினை சடம். அதற்கு அறிவு கிடையாது. செய்தவன் யார், இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொண்டு தேடிப் போய்ப் பலனைக் கொடுக்க அதனால் ஆகாது. ஆகவே கொண்டு சேர்க்க ஒருவன் வேண்டும். மெய்கண்டாரின் சிவஞானபோதத்தின் இரண்டாம் சூத்திரத்தைப் பாடம் சொல்லும் எவரும் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவார்கள். பாளையங்கோட்டையில் ஞாயிறு சாயங்காலம் எங்களுக்கு வகுப்பெடுக்கும் ஐயாவும் நிறுத்தினார். “நாள் பூரா வயல்ல உழுதவனுக்கு உழவே வந்து கூலி குடுக்குமா? வயல்காரன்லா குடுக்கணும்” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்குத் தலை ஆடவில்லை.

காரணம் என் பிழைப்பு. ஓய்வு பெறும்வரை பெங்களூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். ஒவ்வாமையைக் கிளப்பும் வெள்ளணுக்களில், எந்தப் புரதம் டி.என்.ஏ.யின் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேலை. அறிவில்லாத பொருள் தன் இடத்துக்குத் தானே போய்ச் சேருவதைப் பார்த்துத்தான் மாதாமாதம் சம்பளம் வாங்கினேன்.

அந்தச் சோதனை கைவேலைதான். எலியின் மண்ணீரலிலிருந்து டி செல்கள் என்னும் வெள்ளணுக்களைப் பிரித்து, இன்டர்லூக்கின்-4 என்ற சைட்டோகைன், அதாவது செல்களுக்கிடையே செய்தி கொண்டுபோகும் புரதம், கலந்த திரவத்தில் சில நாள் வளர்ப்போம். செல்கள் ஒவ்வாமைப் பக்கம் சாய்ந்ததும் ஒரு சதவீத பார்மால்டிஹைடு விடவேண்டும். பத்து நிமிஷம். அந்த நேரத்தில் டி.என்.ஏ. மேல் எது இருந்ததோ அது அங்கேயே பிணைந்துவிடும். கிளைசீன் ஊற்றி நிறுத்திவிட்டு, குழாயை ஐஸில் புதைத்து, ஒலியலைக் கருவியின் முனையை உள்ளே விட்டு டி.என்.ஏ.யை 200 முதல் 500 எழுத்து நீளத் துண்டுகளாக நொறுக்க வேண்டும். முனை கொஞ்சம் மேலே வந்துவிட்டால் நுரை கிளம்பும். நுரை வந்தால் அன்றைய சாம்பிள் பாழ். பிறகு நாம் தேடும் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடியைச் சேர்த்து, ராத்திரி முழுக்கக் குளிர் அறையில் சுழலவிட்டு, காலையில் காந்த மணிகளால் இழுப்போம். புரதம் வரும், அது பிடித்துக்கொண்டிருந்த டி.என்.ஏ. துண்டும் கூடவே வரும். அந்தத் துண்டு எந்த மரபணுவைச் சேர்ந்தது என்று பிசிஆரில் கேட்டுக்கொள்ளலாம். நாங்கள் தேடிய புரதத்தின் பெயர் காட்டா-3. இன்டர்லூக்கின்-4, 5, 13 ஆகிய மூன்றின் அக்கம்பக்கத் துண்டுகள் தவறாமல் அதோடு வந்தன. சரிபார்க்க வைத்திருந்த தசை மரபணு ஒருநாளும் வந்ததில்லை.

மரபணுவைப் பேசவைக்கும், அல்லது வாயடைக்கும் இத்தகைய புரதங்களைப் படியெடுத்தல் காரணிகள் என்பார்கள். காட்டா-3 அவற்றில் ஒன்று. 1986-ல் டிம் மாஸ்மனும் ராபர்ட் காஃப்மனும் உதவி டி செல்களில் இரண்டு சாதி இருப்பதைக் காட்டினார்கள். அதில் ஒவ்வாமையைக் கிளப்பும் இரண்டாம் வகைக்கு அதிகாரி இந்தப் புரதம்தான் என்று 1997-ல் தெரிந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஃப்ளேவலின் குழுவும் அனுராதா ரேயின் குழுவும் அதே வருஷத்தில் இதை வெளியிட்டன. மனிதரில் அந்த மூன்று மரபணுக்களும் ஐந்தாம் குரோமோசோமின் நீண்ட கையில் ஒரே வட்டாரத்தில் இருக்கின்றன. நடுவே ராட்-50 என்று ஒன்று; உடைந்த டி.என்.ஏ.யை ஒட்டுப்போடும் புரதத்துக்கான மரபணு. ஒவ்வாமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் அக்கம்பக்கத்து சைட்டோகைன் மரபணுக்களைத் தூரத்திலிருந்து ஆட்டிவைக்கும் பகுதி அந்த ராட்-50-க்குள்ளேதான் புதைந்திருக்கிறது. யாராவது உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தால் இப்படி வைத்திருக்க மாட்டார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும்.

சரி, காட்டா-3 அங்கே எப்படிப் போகிறது? யாரும் கூட்டிப்போவதில்லை. ஒரு செல்லுக்குள் 600 கோடி எழுத்து, நீட்டினால் ஏறக்குறைய இரண்டு மீட்டர், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூடத் தேறாத உட்கருவுக்குள் சுருட்டிக் கிடக்கிறது. காட்டா-3-க்குப் பிடித்தமான எழுத்து வரிசை மிகச் சிறியது. தற்செயலாகவே லட்சக்கணக்கான இடங்களில் வரும். சூட்டின் அலைக்கழிப்பில் அந்தப் புரதம் அங்கும் இங்கும் மோதும். எழுத்து பொருந்தி, இடமும் ஓரளவு திறந்திருந்தால் ஒட்டும். ஒட்டினாலும் சில நொடிதான். விலகும், வேறொன்று வந்து ஒட்டும். மோதலும் பொருத்தமும் மட்டுமே இருக்கும் இந்தக் கண்மூடித்தனத்திலிருந்து பிசகாத விடை வருகிறது. சடத்துக்கு வழி தெரியாது என்று சொன்னால் எனக்குச் சிரமமாக இருப்பது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இது இன்னும் பெரிது. முன்பு ஒவ்வாமையைக் கிளப்பிய தூசி மறுபடி உடம்புக்குள் வரும்போது டி செல்லுக்குள் கால்சியம் ஏறும். ஏறியதும் என்ஃபாட் என்ற வேறொரு காரணி உட்கருவுக்குள் நுழையும். எல்லா டி செல்லிலும் இதே என்ஃபாட்தான். ஆனால் ஒவ்வாமைப் பக்கம் சாய்ந்த செல்லில் அது இன்டர்லூக்கின்-4 மரபணுவிடம் போய் உட்காருகிறது. மற்ற சாதிச் செல்லில் அந்த இடத்தைச் சீண்டுவதில்லை. 2000-ல் அஞ்சனா ராவின் ஹார்வர்டு குழு இதைக் காட்டியது. தூதன் ஒருவனே, செய்தியும் ஒன்றே. பலன் மட்டும் அந்தச் செல்லின் முன்கதையைப் பொறுத்து மாறுகிறது. முன்பு எது திறந்துவைக்கப்பட்டதோ அதுதான் இப்போது பேசும். பிராரத்துவம், அதாவது இப்போது பலன் தர வந்துநிற்கும் முன்வினை, என்று சைவ சித்தாந்தத்தில் சொல்வதை எனக்கு இதைவிடத் தெளிவாக எந்த உரைநூலும் விளக்கியதில்லை.

இந்த ஒப்புமையை அப்படியே பிடித்துக்கொண்டு, பார்த்தீர்களா, வினைக்கொள்கையை விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்று மேடையில் முழங்குபவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. ஒப்புமை எங்கே முறிகிறது என்று பார்த்தால்தான் அதற்கு மதிப்பு.

முதல் முறிவு, செய்தவன் யார் என்பதில். தூசியை முதலில் சந்தித்துச் சாய்ந்த செல் பிளந்து பெருகி, அதன் வம்சம்தான் இன்று நுரையீரலில் இருக்கிறது. காட்டா-3 சில நொடிகளில் விலகிவிடுகிறது. திறந்துவைத்த இடம் மட்டும் பிள்ளைச் செல்களுக்கும் திறந்தே போகிறது. 2004-ல் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் ஜின்ஃபாங் ஜூவும் வில்லியம் பாலும் ஏற்கெனவே சாய்ந்துவிட்ட செல்களிலிருந்து காட்டா-3-ஐயே நீக்கிப் பார்த்தார்கள். இன்டர்லூக்கின்-5-ம் 13-ம் நின்றன. இன்டர்லூக்கின்-4 கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. திறந்தவன் போனபின்னும் திறப்பு இருந்தது.

சிவஞான சித்தியாரில், பிற சமயங்களை மறுக்கும் பரபக்கத்தில், அருணந்தி சிவாசாரியார் சௌத்திராந்திகப் பௌத்தரை மடக்குவது இந்த இடத்தில்தான். எல்லாம் கணந்தோறும் அழிகிறது என்றால் முன்பு அறிந்ததை இப்போது நினைப்பவன் யார் என்கிறார். அழிகிற ஒன்று அடுத்ததற்குத் தன் வாசனையைக் கொடுத்துவிட்டுப் போகிறது, தொடர்ச்சி போதும், ஆள் வேண்டாம் என்பது பௌத்தர் பதில். சித்தாந்தி அதை ஏற்பதில்லை. நான் சைவக் குடும்பம். இருந்தும் நினைவு என்ற மட்டில் பௌத்தர் பக்கம் ஒரு மதிப்பெண் போடத்தான் வேண்டும். ஆள் இல்லாத நினைவு உண்டு. அதைச் சின்னச் சின்னக் குழாய்களில் ஊற்றி மைனஸ் எண்பதில் அடுக்கி வைத்திருந்தோம்.

இரண்டாம் முறிவு, அனுபவிப்பவன் யார் என்பதில். 1921-ல் பிரெஸ்லாவ் நகரில் இரண்டு மருத்துவர்கள். ஹைன்ஸ் குஸ்ட்னருக்கு வேகவைத்த மீன் ஆகாது. கார்ல் பிராஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொந்தரவும் இல்லை. குஸ்ட்னரின் ரத்தச் சீரத்தில் துளி எடுத்து பிராஸ்னிட்ஸின் வயிற்றுத் தோலில் ஊசியால் ஏற்றினார்கள். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் பிராஸ்னிட்ஸுக்குத் தடித்துச் சிவந்து அரித்தது. சீரத்தில் இருந்தது இன்னதென்று தெரிய இன்னும் நாற்பத்தைந்து வருஷம் பிடித்தது. இன்டர்லூக்கின்-4-ன் தூண்டுதலில் பி செல்கள் செய்யும் ஐஜிஇ என்ற ஆன்டிபாடி அது. 1966-ல் இஷிசாகா தம்பதியர் அதை அடையாளம் கண்டார்கள். ஒருவன் உடம்பு எழுதிவைத்த கணக்கை இன்னொருவன் தோல் தீர்த்தது. வினைக்கொள்கையில் இதற்கு இடமே இல்லை. செய்தவனே உண்ண வேண்டும் என்பதுதான் அதன் முதுகெலும்பு.

இதையெல்லாம் வகுப்பு முடிந்தபின் ஐயாவிடம் கொட்டினேன். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அம்மா, காத்து அடிக்கறதையும் தாமிரவருணி ஓடறதையும் மெய்கண்டாரும் கேள்விப்பட்டிருப்பாருல்லா? சடம் அசையாது, ஒரு இடத்துக்குப் போய்ச் சேராதுன்னு யாரு சொன்னா? இன்ன காரியத்துக்கு இன்ன பலன்னு அளந்து குடுக்க அதுக்குத் தெரியாது. அதுதான் வாதம். நீங்க சொல்ற புரதம் வழி கண்டுபிடிக்குது, சரி. அது நியாயம் கண்டுபிடிக்குதா?” என்றார்.

கேள்வி நன்றாகத் தைத்தது. நான் அதுவரை யோசித்த திசையே வேறு. அந்தப் புரதம் நியாயம் பார்க்கிறதா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இரண்டாம் வகைச் செல்களும் அவற்றின் சைட்டோகைன்களும் இல்லையென்றால் குடலில் புழு ஏறியவனுக்குக் கஷ்டம். இன்டர்லூக்கின்-5 ஈசினோபில் என்ற வெள்ளணுக்களைப் பெருக்குகிறது, 13 சளியைச் சுரக்கவைக்கிறது. புழுவை வெளியேற்ற இதெல்லாம் வேண்டும். ஒவ்வாமையில் அதே ஏற்பாடு தலையணைத் தூசியின்மேல் திரும்புகிறது. தூசியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளின் எச்சம் கலந்திருக்கும். அதில் ஒரு நொதி இருக்கிறது. அது மூச்சுக்குழலின் உள்தோலை அரிக்க, தோல் அபாய அறிவிப்பு கொடுக்க, டி செல் சாய்ந்துவிடுகிறது. சாய்ந்த செல் சுரக்கும் இன்டர்லூக்கின்-4 ஸ்டாட்-6 என்ற காரணியை எழுப்புகிறது, ஸ்டாட்-6 காட்டா-3-ஐ ஏற்றுகிறது, காட்டா-3 மறுபடி இன்டர்லூக்கின்-4-ஐ. தன் வாலைத் தானே கடித்துச் சுற்றுகிற சுற்று. இந்தச் சுற்றில் எந்த இடத்திலும், இந்த உண்ணியின் எச்சம் புழுவா, இந்தக் குழந்தை இதற்கு என்ன செய்தது என்று கேட்கும் ஓர் இருக்கை கிடையாது.

அதுமட்டும் இல்லை. ஒரே தாய்ச்செல்லின் வம்சத்தை ஒரே தட்டில் வளர்த்தாலும், சில செல் இன்டர்லூக்கின்-4 சுரக்கும், சில சுரக்காது. சுரப்பவற்றிலும் அம்மா வழி வந்த பிரதியா, அப்பா வழி வந்த பிரதியா, எது பேசும் என்பது பல செல்களில் குருட்டாம்போக்கு. 1998-ல் மார்க் பிக்ஸும் ரிச்சர்ட் லாக்ஸ்லியும் எலிகளில் இதைக் காட்டினார்கள். கணக்கு வைத்திருக்கும் ஒருவர் இப்படியா வரவுசெலவு எழுதுவார்?

ஆக எனக்குப் பட்டது இது. நினைவு இருக்கிறது, பலனைக் கொண்டுசேர்க்கும் வழியும் இருக்கிறது, நீதி பார்க்கும் அறிவு மட்டும் இல்லை என்றால் வினை எப்படி நடந்துகொள்ளும்? ஒவ்வாமை நடந்துகொள்கிறமாதிரிதான். நிரபராதியின் மேல் பாயும், எதிரிக்கு வைத்திருந்த ஆயுதத்தைத் தூசியின்மேல் எடுக்கும், ஒரு துளியைக் கொண்டு போனால் பக்கத்து ஆளையும் பிடிக்கும். ஐயாவின் வாதத்தில் அந்தப் பாதி அசைக்கமுடியாதது: சடம் தானாக நியாயம் செய்யாது. ஆனால் அவர் அடுத்த அடி எடுத்துவைப்பதுபோல் நான் எடுத்துவைக்க முடியாது. நியாயம் செய்ய ஒருவன் வேண்டும் என்பதால் ஒருவன் இருந்து செய்துகொண்டிருக்கிறான் என்று ஆகிவிடாது, குறைந்தபட்சம் மூச்சுக்குழலில் அவன் கை தெரியவில்லை.

இது தத்துவச் சண்டையோடு நின்றால் விட்டுவிடலாம். வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் ஆச்சிக்கு இழுப்பு. ரிப்போர்ட்டைக் காட்டினார், ஈசினோபில் ஏறிக் கிடந்தது. “போன பிறப்புல யாரு கழுத்தையோ நெரிச்சிருக்கேன் தாயி, அதான் ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்பி உக்காத்தி வைக்கி” என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சிரிப்புக்குக் கீழே நம்பிக்கை இருந்தது. அதனால் இன்ஹேலரை ஒழுங்காக இழுப்பதில்லை. தண்டனையைக் குறைத்துக்கொள்வதுபோல் ஒரு கூச்சம்.

நோயெல்லாம் வினை என்று நம் சமயங்கள் ஒரே குரலில் சொல்கின்றன என்று நினைப்பது தவறு. சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்ற துறவி புத்தரிடம் இதையே கேட்கிறார். பித்தம், கபம், வாதம், மூன்றும் கலந்தது, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாதது, பிறர் தாக்குவது, கடைசியில் எட்டாவதாக வினை என்று புத்தர் அடுக்குகிறார். எல்லாம் முன்வினை என்பவர்கள் கண்ணெதிரே தெரிவதைத் தாண்டிப் போகிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறார். பௌத்தம் வேண்டாம் என்றால் பெரியபுராணமே இருக்கிறது. கொடிமாடச் செங்குன்றூரில் சம்பந்தரின் அடியார்களைக் குளிர்சுரம் பிடிக்கிறது. அது அந்த நிலத்தின் இயல்பு என்பதை மறுக்காமலே அவர் திருநீலகண்டப் பதிகம் பாடித் தீர்க்கிறார். நாவுக்கரசரின் சூலை மாதிரி ஒரு நோக்கத்தோடு வந்த நோய் என்று சேக்கிழார் இதைச் சொல்லவில்லை. குளிர்காலத்து மலையடிவாரம், சுரம் வந்தது, அவ்வளவுதான். உங்கள் இழுப்பும் செங்குன்றூர்ச் சுரம்தான் ஆச்சி, சூலை இல்லை என்றேன். அந்த வார்த்தை அவருக்குப் பிடித்திருந்தது. ஐயாவிடம் போய் உறுதிப்படுத்திக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். என் படிப்பின்மேல் ஆச்சிக்கு அவ்வளவு மரியாதை!

இன்ஹேலரில் இருக்கும் ஸ்டீராய்டு என்ன செய்கிறது என்பதையும் சொன்னேன். அது செல்லுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும் புரதமும் ஒரு படியெடுத்தல் காரணிதான். உட்கருவுக்குள் நுழைய காட்டா-3-க்கு இம்போர்ட்டின் என்ற சுமைதூக்கி வேண்டும். ஸ்டீராய்டு ஏறிய புரதமும் அதே சுமைதூக்கியைத்தான் பிடிக்கிறது. முந்திக்கொண்டால் காட்டா-3 வெளியே நிற்க வேண்டியதுதான். 2009-ல் லண்டன் ஆய்வாளர்கள் இதைக் காட்டினார்கள். ஸ்டீராய்டின் வேலை இது ஒன்றோடு முடிவதில்லை, ஆனால் ஆச்சிக்கு இது போதும். “அப்ப மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாங்க” என்றார். வேண்டாம், இலவம்பஞ்சுத் தலையணையை மாற்றினால் போதும் என்றேன். தலையணையை மாற்றமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் அம்மா தைத்தது.

அடுத்த பாடம் மூன்றாம் சூத்திரம், உயிர் உண்டு என்பதற்கான வாதங்கள். என் சண்டை உண்மையில் அங்கேதான். இன்டர்லூக்கின்-13-ன் வாசலில் எது உட்காருகிறது, எத்தனை நொடி உட்காருகிறது என்று என்னால் சொல்லமுடியும். ஆச்சி ‘மூச்சு முட்டுது’ என்கிறாரே, அந்த முட்டல் எந்தக் குழாயிலும் அகப்பட்டதில்லை. ஆள் இல்லாத நினைவைப் பார்த்திருக்கிறேன், ஆள் இல்லாத முட்டலைப் பார்த்ததில்லை. பௌத்தருக்குப் போட்ட மதிப்பெண்ணை இந்த இடத்துக்கு நீட்ட எனக்குத் துணிவில்லை. மூன்றாம் சூத்திரத்தில் ஒரு வாதம் வருகிறது: தூங்கும்போதும் மூச்சு ஓடுகிறது, ஆனால் அப்போது இன்பதுன்ப நுகர்ச்சி இல்லை, ஆகவே மூச்சு உயிர் அல்ல. ஆரோக்கியமானவர் தூக்கத்துக்கு அது சரி. ஆச்சிக்கு ராத்திரி இரண்டு மணிக்கு முதலில் மூச்சு இறுகுகிறது, பிறகுதான் விழிப்பு வருகிறது. நுகர்பவள் இன்னும் எழவில்லை; எழுப்பியது அந்த இறுக்கம். அப்படியானால் விழிப்பதற்கு முந்தின அந்த நொடியில் அது யாருடைய துன்பம் என்று ஐயாவைக் கேட்கப் போகிறேன். ஆச்சியிடம் முன்கூட்டியே கேட்டுப் பார்த்தேன். “ஏந் துன்பந்தான், வேற யாருது?” என்றார், சற்றுக் கோபமாகவே.